அண்ணன் கல் நட்ட இடம்

அன்று இருந்தவர்கள் இவர்கள்.

என் அண்ணன். கயிற்றுக் கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணி. கதவு நிலையில் சாய்ந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். போகச் சொன்னாலும் போக மாட்டார்.

ஊர்க்கவுண்டர். எங்கள் அப்பாவுக்கு வயதொத்தவர். ஊரில் பங்கு பிரித்தால் அவர் இல்லாமல் பிரிக்க மாட்டார்கள்.

பத்திரம் எழுதுகிறவர். தர்மபுரியிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார்.

பாப்பாரப்பட்டி பாய். கரியும் புளியும் வாங்கி விற்கிறவர். ரோட்டோரம் இருந்த அண்ணனுடைய கொட்டகையில் பாதி அவருக்கு வாடகைக்கு விட்டிருந்தது. சாட்சிக் கையெழுத்துக்காக அழைத்திருந்தார்கள்.

கடைசியாக நான்.

ஆறு பேர். பொங்கல் முடிந்து நாலாம் நாள். எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம்.

எங்கள் ஊர் அதியமான்கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். பெங்களூர் ரோடு ஊரை ஒட்டிப் போகிறது. நான் பென்னாகரம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனேன். பன்னிரண்டு வருஷம் இருந்தேன். அப்புறம் இருக்கவில்லை. காரணம் இங்கே வேண்டாம். ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தேன். வந்த மறு வாரமே பங்கு கேட்டேன்.

பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கு என்பது எங்கள் பக்கம் அப்போது வழக்கத்தில் இல்லை. ஆனால் அப்பா சாகிற சமயம், "அவளுக்கும் ஒரு துண்டு விடுங்க" என்று சொல்லியிருந்தார். அதைக் காதால் கேட்டவர் கவுண்டர். அவர் முன்னால் அண்ணனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதனால் வேறு வழி பார்த்தார்.

"ரோட்டோரம் இருபது சென்ட். கொட்டாயிக்குக் கீழ்ப்பக்கம். எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

கவுண்டர் வெற்றிலையை மென்றபடியே, "ஏம்பா, அதுல அருகம்புல்லு கூட மொளைக்காதே" என்றார்.

மொளைக்காதுதான். ஏன் என்றும் ஊருக்கே தெரியும். ஏழு வருஷம் அண்ணன் அங்கே டீசல் வாங்கி விற்றார். லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டி, டேங்கில் டியூப் விட்டு இறக்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதலாளிக்குத் தெரியாத டீசல். யார் கண்ணுக்கும் படக் கூடாது என்று நாலு டிரம்மைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து வைத்திருந்தார். டிரம் அடியில் துருப்பிடித்தது. ஊற்றும்போது சிந்தியது, எடுக்கும்போது சிந்தியது. எல்லாம் சரிவில் இறங்கியது. ஒரு நாள் போலீஸ் ஜீப் வந்தது. அதன் பிறகு டிரம்மைத் தோண்டி எடுத்துவிட்டு, குழியைத் தள்ளி மூடிவிட்டார். மண் அப்படியே கிடந்தது. கறுப்பு. தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாது, முத்து முத்தாக மேலேயே உருளும்.

அண்ணன் சொன்னார்: "மொளைக்காதுன்னு யாருங்க பார்த்தது? பயிர் வெச்சாத்தான தெரியும்?"

"வெக்கிறேன்" என்றேன்.

அண்ணி சிரித்தார். "வெச்சு? டீசல் ராகியில களி கிண்டப் போறியா?"

"ஆமாங்க அண்ணி. மொத உருண்டை உங்களுக்குத்தான்."

பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணனுக்கு முகம் மாறியது.

"சரி, எழுதிக்கலாம்" என்றார். "வர்ற மார்கழி முடியறதுக்குள்ள அதுல பயிர் நின்னா நெலம் அவளுக்கு. நிக்கலேன்னா எனக்கு. அப்பறம் பங்குன்னு இந்த வூட்டு வாசப்படி ஏறக் கூடாது."

பத்திரம் எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "நின்னான்னு எழுத முடியாதுங்க. நாளைக்கு ஒத்தச் செடியக் காட்டி நின்னுச்சும்பாங்க. ஒரு கணக்கு வேணும்."

"நூறு வெதை" என்றார் அண்ணன். "எந்த வெதையோ அது அவ இஷ்டம். புரட்டாசியில போடட்டும், உங்க எல்லாரு முன்னாலயும். மார்கழி கடைசியில பாதி செடி பூத்து நின்னாப் போதும். ஆனா எடம் நான் காட்டுறதுதான்."

பாய் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, எடத்த அவரு காட்டுவாராம். யோசிச்சுக்கம்மா."

"யோசிச்சிட்டேன் பாய். எழுதச் சொல்லுங்க."

யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுந்து போயிருப்பேன். போக இடம் இல்லை.

எல்லோரும் நடந்து போனோம். அண்ணன் சரிவில் இறங்கினார். எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். நாலு டிரம் புதைத்திருந்த இடத்துக்கே போனார். நாலு மூலைக்கு நாலு கல் நட்டார். காலால் மிதித்து இறுக்கினார். செருப்பின் அடியில் கறுப்பாக ஒட்டியது. புல்லில் தேய்க்கலாம் என்று பார்த்தார். புல் இல்லை.

கொட்டகைச் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டேன். மூன்று தென்னங்கீற்று, ஒரு தகரம். அதுதான் என் வூடு. பகலில் பாயின் மண்டியில் புளி உடைத்தேன். விடிந்ததும் இரண்டு மணி நேரம், பொழுது சாயும்போது இரண்டு மணி நேரம், மண்ணைக் கொத்தினேன். மாசி முழுக்க, பங்குனி முழுக்க. கடப்பாரை போட்டால் மண் களி மாதிரி பிடித்துக்கொண்டது. புரட்டிப் போட்டதை வெயிலில் காய விட்டேன். காய்ந்ததை மறுபடி புரட்டினேன். நாற்றம் தலைமுடியில் ஏறியது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளிப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து தர்மபுரிக்குக் கொண்டு போனேன். விவசாயம் படித்த ஒருத்தரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

"இது மண்ணாம்மா? கிரீஸு மாதிரி இருக்குது."

"என்னங்க பண்ணலாம்?"

"மூணு அடி வெட்டி எடுத்துட்டு, வேற மண்ணு கொட்டணும். வேற வழி கெடையாது."

"எடுத்த மண்ண எங்கீங்க போடறது?"

"எங்கயாவது போடு."

"எங்கயாவதுன்னா அது இன்னொருத்தரு நெலமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மண்ணை முடிந்துகொண்டு வந்துவிட்டேன். அதை வழியில் கொட்டவும் இல்லை. எடுத்த இடத்திலேயே கொட்டினேன்.

பட்டி போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் அறுவடை முடிந்த காட்டில் செம்மறி ஆட்டை இரண்டு மூன்று நாள் படுக்க வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு. ஆட்டுக்காரருக்குச் சோறும் ராகித் தவசமும். குறும்பர் ஒருத்தர் அந்தப் பக்கம் பட்டி ஓட்டி வருவார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். கேட்டேன். வந்தார். பொழுது இறங்க ஆட்டை உள்ளே விட்டார். ஒன்றுகூடப் படுக்கவில்லை. எல்லாம் வேலியோரம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, மூக்கை ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன.

"பேடாக்கா" என்றார். வேண்டாம் அக்கா என்று அர்த்தம். "ஆடு படுக்காத மண்ணு. நீ ஏன் படுக்கிறே?"

"ஆட்டுக்கு வேற காடு இருக்குதுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, வேறு காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் ஒரு கூடை புழுக்கையைச் சாய்ப்பின் முன்னால் கொட்டியிருந்தார்.

சித்திரை மாதம்தான் அதைப் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்புறம் ஒரு மூலை. அங்கேயும் அண்ணன் கொஞ்ச நாள் ஒரு டிரம் வைத்திருந்தார். அங்கேயும் மண் கறுத்துத்தான் கிடந்தது. ஆனால் அங்கே பச்சை இருந்தது. அருகும் கோரையும், ஒரு சாண் உயரத்துக்கு. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். பார்த்ததில்லை.

குனிந்து புல்லோடு ஒரு கட்டி மண்ணைப் பிடுங்கினேன். வேர் கறுப்பாக இருந்தது. முகர்ந்தேன். டீசல் இல்லை. லேசாக மழை பெய்த மண் மாதிரி. நம்பவில்லை. மறுபடி முகர்ந்தேன்.

அங்கேதான் பாயின் ஆட்கள் கரி மூட்டையை உதறுவார்கள். சாக்கில் மிஞ்சுகிற தூளும் நொறுங்கலும் வருஷக் கணக்காக அங்கே குவிந்து கிடந்தன. யாருக்கும் வேண்டாத தூள்.

பாயிடம் போனேன்.

"கரித்தூளு குடுங்க பாய்."

"எத்தினி கூடை வேணும்?"

"எத்தினி இருக்குதோ அத்தினி."

"பல்லு வெளக்கறதுக்கா?" என்றார். "தங்கச்சி, ஊருக்கே வெளக்கலாம் அத வெச்சு. எடுத்துட்டுப் போ. எனக்குக் கூட்டுற வேலை மிச்சம்."

இருபது நாள் கூடையில் சுமந்தேன். பரப்பினேன், கொத்திக் கலந்தேன். நானும் கறுப்பு, சேலையும் கறுப்பு. கோடை மழை ஒன்று நன்றாக இறங்கியது. ராகி தெளித்தேன். முளைத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு விரல் உயரம் வந்தது. பிறகு மஞ்சளாயிற்று. நுனியிலிருந்து அடிக்கு. பத்து நாளில் மொத்தமும் படுத்துவிட்டது.

அண்ணன் வேலியோரம் நின்று பார்த்தார். நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னார்: "கரியப் பூசுனா வெளுக்கும்னு இவளுக்கு எவன் சொன்னான்னு தெரியலயே!"

டீக்கடையில் சிரித்தார்கள். நான் மஞ்சள் ராகியைப் பிடுங்கி, அங்கேயே மண்ணில் போட்டு மூடினேன். அன்று புளி உடைக்கப் போகவில்லை. அந்தப் பச்சை மூலைக்குப் போய் எதிரில் உட்கார்ந்தேன். என்ன விட்டுவிட்டேன் என்று பார்க்க உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. கரித்தூள் இருக்கிறது. புல் இருக்கிறது. எண்ணெய் மண் இருக்கிறது. என்னிடம் இல்லாதது என்ன?

உச்சிப் பொழுதுக்கு அண்ணியின் மாடு வாலைத் தூக்கியது. அந்த மாடு கட்டுகிற முளை, தூள் குவியலுக்கு மேல்பக்கம் இருந்தது. மூத்திரம் சின்ன வாய்க்கால் மாதிரி இறங்கி, நேராகத் தூளுக்குள் போய் மறைந்தது. அது போன வழியில்தான் புல்.

மாட்டை விட்டுவிட்டுக் கரியை மட்டும் எடுத்திருக்கிறேன்.

காய்ந்த கரி காய்ந்த துணி மாதிரி. எது கிடைத்தாலும் முதலில் தான் உறிஞ்சிக்கொள்ளும். ராகிக்குச் சேர வேண்டிய சத்தையெல்லாம் அது குடித்துவிட்டது. கரிக்கு வயிறு நிரப்பாமல் கழனியில் இறக்கியது என் தப்பு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மாடு காட்டியது.

அண்ணியிடம் போனேன். அவரிடம் கேட்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

"உங்க கட்டுத்தறிய நான் கூட்டி வுடுறேன் அண்ணி. தெனமும். சாணி உங்களுக்கு வேண்டியது எடுத்துக்குங்க. மிச்சச் சாணியும் கோமியமும் எனக்கு."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெலத்துக்குச் சொந்தக்காரியா ஆகுறேன்னு கெளம்புன. மூத்திரம் அள்ளுறவளா ஆயிட்டியே."

"ரெண்டும் நான்தானுங்க."

"மூத்திரத்துக்கு வேலைக்காரி கெடைச்சா எனக்கென்ன நட்டம்? அள்ளிக்க. ஆனா உங்கண்ணன் வூட்டுல இருக்கறப்ப வராத."

கட்டுத்தறியின் அடியில் ஒரு பானையைப் புதைத்து வைத்தேன். நிரம்ப நிரம்ப எடுத்தேன். சாய்ப்புக்குப் பக்கத்தில் இடுப்பளவு குழி வெட்டி, கரித்தூளைக் கொட்டி, கோமியம், கரைத்த சாணி, ஆட்டுக்காரர் தந்த புழுக்கை எல்லாம் ஊற்றினேன். ஏரி வற்றிக் கிடந்தது. அடி வண்டலைத் தலைச்சுமையாகக் கொண்டு வந்து சேர்த்தேன். பச்சை மூலை மண்ணும் ரெண்டு கூடை. கஞ்சி கிண்டுகிற மாதிரி கழியால் கிண்டினேன். முதல் வாரம் நாற்றத்துக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். ஒரு மாதத்தில் அடங்கியது. கையில் எடுத்தால் கரி கனமாக இருந்தது. பிசைந்தால் ஈரம் விட்டது. இனிமேல் அது யாருடையதையும் பிடுங்காது என்று தெரிந்தது.

ஆடி பிறப்பதற்குள் பரப்பி முடித்தேன். கல் நட்ட இடத்தில் மட்டும் கை முட்டி ஆழம் தோண்டி, ஒரு அடுக்கு மண், ஒரு அடுக்கு கரிச்சேறு என்று போட்டுக் கலந்தேன். அங்கே மண்ணைப் பிழிந்தால் அப்போதும் விரலில் வழவழப்பு ஒட்டியது.

அதன் பிறகு செய்ததற்குத்தான் ஊர் என்னைப் பைத்தியம் என்றது. பச்சை மூலையிலிருந்து அருகையும் கோரையையும் வேர் மண்ணோடு பெயர்த்து வந்து, வரிசை பிடித்து நட்டேன். குடம் குடமாகத் தண்ணீர் விட்டேன். கோரை வந்த காட்டில் மூன்று தலைமுறைக்குக் களை எடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் பயப்படுவார்கள். அதை நான் நட்டேன்.

அண்ணன் கவுண்டரையே கூட்டி வந்து காட்டினார்.

"களை புடுங்குறவளப் பார்த்திருக்கீங்க. களை நடுறவளப் பார்த்திருக்கீங்களா? இப்பப் பாருங்க."

கவுண்டர் என்னிடம், "ஏம்மா, என்னாத்துக்கு இது?" என்றார்.

"அந்த மண்ணுல உசுரோட நிக்கிற ஒண்ணே ஒண்ணு இதுதானுங்க. மொதல்ல இது நிக்கட்டும். இது நின்னா மத்தது நிக்கும்."

"அப்பறம் இத எப்படி எடுப்ப?"

"நட்டவளுக்கு எடுக்கவும் தெரியுங்க."

கவுண்டர் கிளம்பினார். போகும்போது குனிந்து, ஒரு கோரையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. பிடித்திருந்தது.

வேர் போன இடமெல்லாம் மண் பிளந்தது. தண்ணீர் முத்து முத்தாக உருளுவது நின்றது. ஊற்றினால் உள்ளே போனது. ஆவணியில் ஒரு காலை மண்ணை முகர்ந்தேன். சரிவில் பாதி வரை டீசல் வாடை இல்லை. ரொம்ப வருஷம் கழித்து ரேடியோவில் ஒருத்தர் பேசிக் கேட்டேன். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றனவாம், எண்ணெயையும் தின்னுமாம். கரியில் இருக்கிற சின்னச் சின்ன ஓட்டைகளில் அவை குடியிருக்குமாம். இருக்கட்டும். அவற்றுக்கு ஒரு மாதம் சோறு போட்டவள் நான். அது எனக்கு அப்போது தெரியாது.

ஆட்டுக்காரர் திரும்பி வந்தார். கேட்காமலே பட்டியை உள்ளே விட்டார். மேல்பக்கத்தில் ஆடுகள் காலை மடக்கிப் படுத்தன. கீழே, கல் நட்ட இடத்தில், ஒன்றும் போகவில்லை.

புரட்டாசி. கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்தேன். பதினோரு நாள் ஆனது. சுலபம் என்று சொல்ல மாட்டேன். பிறகு சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு இருந்த ஐந்து பேரும் வந்தார்கள்.

கொள்ளு எடுத்து வந்திருந்தேன். எங்கள் பக்கத்துச் சிவந்த மண்ணுக்கும் குறைந்த மழைக்கும் பழகின பயிர். பத்திரம் எழுதுகிறவர் துண்டை விரித்து, நூறு எண்ணினார். அண்ணன் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"நாலு நாள் மொளைச்சு நிக்கறாப்புல காட்டுறதுக்கு வெதையில ஏதாச்சும் மருந்து கிருந்து தடவியிருக்கியா?"

"கடிச்சுப் பாருங்க."

கடித்தார். மென்றார். துப்பினார்.

"இப்ப தொண்ணூத்தொம்பது" என்றார் பாய்.

நான் மடியிலிருந்து இன்னொன்று எடுத்து வைத்தேன். நாலு கல்லுக்குள் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை. அண்ணன் நின்றுகொண்டே பார்த்தார். விதை போட்டு முடித்ததும், "நூறும் போட்டாச்சு. இனிமே ஒரு வெதை கூடக் கூடாது" என்றார்.

"செத்தது செத்ததுதான். மறுபடி போட மாட்டேன்."

முளை வந்தது. எண்ணவில்லை. எண்ணிப் பார்க்கலாம் என்று கண் போகும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஐம்பதுக்கு மேல் இருந்தால் தைரியம் வந்துவிடும், வேலையில் அசட்டை வரும். கீழே இருந்தால் கை ஓய்ந்துவிடும். இரண்டும் வேண்டாம்.

அண்ணன் எண்ணினார். ரோட்டில் போகும்போதெல்லாம் வேலியோரம் நின்று அவர் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசியில் அடை மழை. மூன்று நாள் விடவில்லை. நாலு கல்லுக்குள் தண்ணீர் தேங்கியது. அதன் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. அடியில் இருந்தது மேலே வந்துவிட்டது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியால் வாய்க்கால் கீறி, தண்ணீரை என் நிலத்துக்குள்ளேயே ஒரு குழிக்குத் திருப்பினேன். கீழ்க்காடு வேறு ஒருத்தருடையது. அங்கே விடவில்லை. குழியில் மிச்சக் கரிச்சேற்றையெல்லாம் கொட்டினேன். மழை விட்டபோது கடைசி இரண்டு வரிசை மஞ்சளாகியிருந்தது. சில செடி போயிற்று. மற்றவை கொஞ்ச நாள் அப்படியே நின்று, பிறகு பச்சை திரும்பின.

கார்த்திகையில் அண்ணியின் வெள்ளாடு வேலியைத் தாண்டியது. நான் புளி மண்டியில் இருந்தேன். வந்தபோது அண்ணி கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஆட்டுக் கயிறு.

"என் ஆடுதான். நான் வந்து தொரத்தறதுக்குள்ள வாய் வெச்சிருச்சு. எத்தினின்னு தெரியல."

அவர் சொல்லாமல் போயிருக்கலாம். பார்த்தவர் யாரும் இல்லை.

"உங்கண்ணன்கிட்டச் சொல்லிடுறேன். ஆடு கடிச்சதையும் சேத்து எண்ணச் சொல்லி."

"வேண்டாங்க அண்ணி."

"ஏன், எங்க தயவு வேண்டாமா?"

"தயவுல நின்ன நெலம்னு நாளைக்குப் பேச்சு வரும். செடி நின்ன நெலம்னு இருக்கட்டும்."

அண்ணி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "இந்த வாய வெச்சுக்கிட்டு எப்படித்தான் பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்துனியோ" என்றார்.

"நடத்தலைங்களே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அந்த வருஷத்தில் அவர் என்னோடு சிரித்தது அன்றுதான். மறுநாள் வேலியில் ஆடு நுழைந்த சந்தில் முள் அடைத்திருந்தது. நான் அடைக்கவில்லை.

மார்கழி கடைசி. காலையில் பனி விலகாமலே ஆறு பேரும் கூடினோம். லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. கொள்ளு கொடி வீசி, ஒன்றோடொன்று பின்னி, நாலு கல்லும் தெரியாமல் மூடிக் கிடந்தது. இலைக்குக் கீழே வெளிறின மஞ்சளில் சின்னச் சின்னப் பூ. சிலதில் பிஞ்சும் இறங்கியிருந்தது.

"ரோட்டுல இருந்து பார்த்தா எத்தினின்னு தெரியலயே" என்றார் அண்ணன்.

"ரோட்டுல இருந்து தெரியாதுங்க. மண்டி போட்டு, அடித்தண்டப் புடிச்சாத்தான் ஒவ்வொண்ணும் தெரியும்" என்றேன்.

"யார் எண்ணுறது?" என்றார் கவுண்டர்.

"அவரே எண்ணட்டுங்க. வேற யார் எண்ணுனாலும் அவருக்குச் சந்தேகம் வரும்."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். தான் டிரம் புதைத்த இடத்தில் மண்டி போட்டார். கொடியை விலக்கி, அடித்தண்டைப் பிடித்து, பூ இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து, சத்தமாக எண்ணினார். ஒன்று. இரண்டு. ஒவ்வொன்றுக்கும் பத்திரம் எழுதுகிறவர் ஒரு கோடு போட்டார்.

பன்னிரண்டுக்குப் பிறகு நின்றார். "இது பூக்கல."

"தள்ளிடுங்க" என்றேன்.

இருபத்தாறுக்குப் பிறகு ஒரு மொட்டைத் தண்டு. நுனி இல்லை. அண்ணி, "அது என் ஆடு கடிச்சது. எண்ணுங்க அத" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"பூ இல்லீங்களே. அதையும் தள்ளிடுங்க. சந்தேகம் இருக்கறது எதுவும் எனக்கு வேண்டாம்."

பாய் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கவுண்டர் வெற்றிலை மெல்வதை நிறுத்தியிருந்தார். அண்ணனின் முழங்காலில் மண் ஒட்டியது. நாற்பதில் ஒரு முறை கையை மூக்குக்குக் கொண்டு போனார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். கையைத் துடைக்கவில்லை.

நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.

ஐம்பது என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்னும் மூன்று வரிசை பாக்கி இருந்தது. பாய் பெருமூச்சு விட்டார். பத்திரம் எழுதுகிறவர் பேனாவை மூடப் போனார்.

அண்ணன் எழுந்தார். "சரி. போதும். எழுதிக் குடுத்துடறேன்."

"போதாது" என்றேன். "ஒக்காருங்கண்ணா. மிச்சத்தையும் எண்ணுங்க."

"அதான் பாதி வந்திருச்சே. இன்னும் என்னாத்துக்கு?"

"பாதி நீங்க கேட்டது. மிச்சம் நான் வெச்சது. எண்ணுங்க."

அவர் கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் தலையை ஆட்டினார். அண்ணன் மறுபடி மண்டி போட்டார். கொடியை விலக்கினார். கடைசி வரிசையின் கடைசிச் செடி வரைக்கும், ஒன்று விடாமல், சத்தமாக எண்ணினார்.

அறுபத்தெட்டு.